ஆறு எழுத்து, ஒன்பது அறை

கணினியில் அன்றாடம் பணிபுரிவோருட் பெரும்பாலோர் படங்களையும் பொத்தான்களையும் சுட்டியே தம் அலுவல்களை முடித்துக்கொள்கின்றனர். லினக்ஸ் இயங்குதளத்தைப் பழகியோர் மட்டும், அதே படங்களும் பொத்தான்களும் தமக்கும் வாய்த்திருந்தும், கறுப்புச் சாளரமொன்றைத் திறந்து அதனுள்ளே கட்டளைகளைத் தட்டெழுதும் வழக்கத்தை இன்றுவரை கைவிட்டாரல்லர். அச்சாளரத்துக்கு முனையம் என்று பெயர். உண்மையில் அது முனையமன்று. முனையம் போல நடிக்கும் ஒரு செயலி. முற்காலத்தில் முனையமென்பது பெருங்கணினியோடு கம்பியால் இணைக்கப்பட்டிருந்த தட்டெழுத்துப் பொறியையே குறித்தது. அப்பொறியின் இடத்தைத் திரையும் விசைப்பலகையும் கொண்ட கருவி பின்னர் பெற்றது. அக்கருவியின் இடத்தை இன்று செயலி பெற்றுள்ளது. அகம் என்பது அகன் என நின்றும் பொருள் கெடாமையைத் தமிழிலக்கணம் போலி என்னும். ஆதலின் இச்செயலிகளை முனையப்போலிகள் என வழங்கின் இலக்கண நூலார் வருந்தமாட்டார்.

எந்த முனையப்போலி சிறந்தது என்பது லினக்ஸ் பயில்வோர் மத்தியில் ஓயாத வழக்கு. விரைவாகத் திறப்பது எது, குறைந்த நினைவகத்தைக் கொள்வது எது, ஒரே சாளரத்திற் பல தாள்களை விரிக்க இடந்தருவது எது, நிறங்களை நன்கு காட்டுவது எது என்றெல்லாம் அளவைகள் வகுக்கப்படுகின்றன. இவையாவும் வேண்டப்படும் அளவைகளே. எனினும் இவற்றை வகுத்தோருட் பெரும்பாலோர் ஆங்கில எழுத்தையன்றிப் பிறிதோர் எழுத்தை அச்சாளரத்திற் காணவேண்டிய தேவை நேராதவர். தமிழ்ப் பெயரொன்றைத் தமிழ்ப் பெயராகவே காட்டுவது எது என்ற வினாவை எழுப்புமிடத்து வரிசை முற்றிலும் மாறிவிடுகிறது. செட்டிகுளத்து மாணவன் ஒருவனுக்கு இவ்வினா கமக்காரர் கூட்டமொன்றில், ஊரார் பலர் முன்னிலையில் எழுந்தது.

செட்டிகுளம் வவுனியா மாவட்டத்தின் மேற்குப்புறத்தே, மதவாச்சியிலிருந்து மன்னாருக்குச் செல்லும் புகையிரதப் பாதையில் உள்ளது. போர்க்காலத்தில் நின்றுபோன அப்பாதை 2013ஆம் ஆண்டு மடு வீதி வரை மீளத் திறக்கப்பட்டது. சுற்றியுள்ள ஊர்கள் பெரும்பாலும் குளங்களின் பெயராலேயே அறியப்படுவன: பாவற்குளம், நேரியகுளம், முகத்தான்குளம், முதலியார்குளம், பெரியபுளியங்குளம், சின்னச்சிப்பிக்குளம் என அவ்வரிசை நீளும். அம்மாணவன் தென்பகுதிப் பல்கலைக்கழகமொன்றின் கலைப்பீடத்திற் பயில்பவன். அவனிடமிருந்த மடிக்கணினி வவுனியா நகரில் இரண்டாங்கையாக வாங்கப்பட்டது. அதனோடு வந்த இயங்குதளம் திறப்பதற்குள் தேநீர் குடித்து முடித்துவிடலாம் என்னும் நிலையில் இருந்தமையால், விடுதியில் மூத்த மாணவரொருவர் அதை அகற்றி டெபியன் லினக்ஸை நிறுவிக் கொடுத்திருந்தார். “எக்ஸ்டெர்மைப் பாவி, அதைவிட இலேசானது இல்லை” என்ற அறிவுரையும் அவரிடமிருந்தே கிடைத்தது. அறிவுரையிற் பிழையில்லை. 1984ஆம் ஆண்டளவிற் தோன்றி இன்றுவரை பேணப்பட்டுவரும் எக்ஸ்டெர்ம், விசையை அழுத்திய கணத்திற் திறக்கும். பழைய கணினியையும் வருத்தாது. ஈராண்டுக் காலம் அவன் அதனோடு குறையின்றி வாழ்ந்தான். குறிப்புகளைத் தேடவும் கோப்புகளின் பெயரை மாற்றவும் கட்டுரைகளைப் பிரதியெடுத்து வைக்கவும் அதுவே போதுமாயிருந்தது. கட்டளைகள் யாவும் ஆங்கிலத்தில் இருந்தமையின் திரையில் தமிழ் வருமிடங்கள் அருகியே காணப்பட்டன. வந்தபோது சற்றுச் சிதைந்து தோன்றின. அவன் அதனைப் பொருட்படுத்தவில்லை.

விடுமுறையொன்றில் வீடு வந்திருந்தபோது, கமக்காரர் அமைப்பின் செயலாளராயிருந்த பெரியப்பா உறுப்பினர் பட்டியலை அவனிடம் ஒப்படைத்தார். காலபோகத்துக்கான விதைநெற் பங்கீடு அதனைக்கொண்டே நடைபெறவிருந்தது. பட்டியல் முன்னொருகால் கடையொன்றில் பாமினி எழுத்துருவில் தட்டெழுதப்பட்டது. இலங்கையில் நெடுங்காலம் கோலோச்சிய அவ்வெழுத்துரு, ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களின் மேல் தமிழ் வடிவங்களை ஒட்டவைக்கும் ஓர் உபாயம். எழுத்துருவை நீக்கினால் எஞ்சுவன பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமே. முனையத்துக்கு அவ்வுபாயம் தெரியாது. அவன் பட்டியலை யுனிக்கோட்டுக்கு மாற்றி, பெயர், ஊர், ஏக்கர், புசல் என நான்கு நிரல்கள் கொண்ட வெற்றுரைக் கோப்பாகச் சேமித்துக்கொண்டான். கூட்டத்தன்று மின்சாரம் தடைப்பட்டிருந்தது, அச்சிட வழியில்லை. பொதுநோக்கு மண்டபத்தின் மேசைமீது மடிக்கணினியை வைத்து, மின்கலத்தில் மிஞ்சியிருந்த வலுவைக் கொண்டு, எக்ஸ்டெர்மில் பட்டியலைப் பக்கம் பக்கமாக விரித்து அவனே பெயர்களை வாசித்தான்.

பட்டியலில் ஒரே பெயரும் ஒரே ஊரும் உடைய மூதாட்டியர் இருவர் அடுத்தடுத்து இருந்தனர். அவர்களை வேறுபடுத்தியது முன்னெழுத்து ஒன்றே: ஒருவருக்குச் ‘ச’, மற்றவருக்குச் ‘செ’. திரையில் முதல் வரி ‘ச’ எனத் தொடங்கிற்று. இரண்டாவது வரியும் ‘ச’ எனவே தொடங்கி, அதனை அடுத்து ஒரு கொம்பு எதனோடும் ஒட்டாது அந்தரத்தில் நின்றது. ஒரே பெயர் தவறுதலாக இருமுறை தட்டெழுதப்பட்டதென்றும், இடையில் நின்றது பிழையான விசையழுத்தமென்றும் கருதி அவன் இரண்டாவது வரியைத் தாண்டிச் சென்றான். எல்லாம் முடிந்தபின்னர் மண்டபத்தின் பின்வரிசையிலிருந்து குரலெழுந்தது.

“தம்பி, என்ர பேர் வாசிக்கேல்லையே?”

“வாசிச்சனான் ஆச்சி. முன்னெழுத்துச் சானா தானே?”

“சானா இல்லை மோனை. ஒற்றைக்கொம்பு போட்ட செ.”

பெரியப்பா தமது கொப்பியைப் புரட்டிப் பார்த்து, பேனாவாற் குறித்து, பங்கீட்டைச் சரிசெய்தார். சிலர் சிரித்தனர், அத்தோடு கூட்டம் கலைந்தது. ஆச்சி கோபித்தாரல்லர். பட்டியலில் தம் பெயர் இல்லாதிருப்பது அவருக்கு எதிர்பாராத நிகழ்ச்சியாகத் தோன்றவில்லை என்பதே அவனை மிகவும் வருத்திற்று. 2009ஆம் ஆண்டில் செட்டிகுளப் பிரதேசத்தில், அருவி ஆற்றை அண்டி அமைக்கப்பட்ட மெனிக் பாம் முகாமில், வன்னியிலிருந்து இடம்பெயர்ந்த இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தங்கவைக்கப்பட்டிருந்தனர். அது மூடப்பட்டது 2012ஆம் ஆண்டு செப்ரெம்பரில். அம்முகாமில் இருந்து வந்த ஒருவருக்குப் பட்டியல் என்ற சொல் எவற்றையெல்லாம் நினைவூட்டும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. எழுதினவர் பிழைவிட்டிருந்தாற் பெரியப்பாவின் பேனா அதனைத் திருத்தியிருக்கும். இங்கே கோப்பு பிழையற்றிருந்தது. காட்டிய கண்ணாடி பிழைபட்டிருந்தது.

அன்றிரவு மின்சாரம் மீண்டதும் அவன் அக்கண்ணாடியை ஆராயத் தொடங்கினான். சோதனைக்காக அவன் எடுத்துக்கொண்ட சொல் ஊர்ப்பெயரே. ‘செட்டிகுளம்’ என்பதில் எழுத்துகள் எத்தனை? பாலர் வகுப்புப் பிள்ளை ஆறு என்று சொல்லும்: செ, ட், டி, கு, ள, ம். சொற்களை எண்ணும் கட்டளையிடம் எழுத்தெண்ணிக்கையைக் கேட்டபோது அது பதினொன்று என்றது. யுனிக்கோட்டில் கொம்பும் புள்ளியும் விசிறியும் தனித்தனிக் குறிகள் ஆதலின் அவற்றையும் அது சேர்த்தெண்ணிற்று. சேமிப்பின் அளவைக் கேட்டபோது 33 பைட்டுகள் என்றது; தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளைக் கொள்வதே காரணம். முனையமோ அச்சொல்லுக்குத் திரையில் ஒன்பது அறைகளை ஒதுக்கியிருந்தது. ஆறெழுத்துச் சொல்லுக்கு ஒன்பது அறை எவ்வாறு வந்தது?

இங்கே முனையத்தின் பிறப்பை நோக்கவேண்டும். 1978ஆம் ஆண்டு வெளிவந்த விரி-100 என்னும் முனையக் கருவி, திரையை 24 நிரைகளாகவும் 80 நிரல்களாகவும் வகுத்து, ஓர் எழுத்துக்கு ஓர் அறை என்னும் ஒழுங்கிற் காட்டிற்று. அந்த 80 என்ற எண்ணும் அதற்கு முற்பட்டது. துளையிட்ட அட்டைகளின் காலத்திலேயே வழக்கிலிருந்தது. இன்றைய முனையப்போலிகள் யாவும் பெரும்பாலும் அக்கருவியின் நடத்தையையே பின்பற்றுகின்றன. லினக்ஸின் கருவே ஒரு முனையப்போலிதான் என்பது பலரும் அறியாத செய்தி. ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டு பல்கலைக்கழகக் கணினியோடு வீட்டிலிருந்தவாறே தொடர்புகொள்ள எழுதிய முனையப்போலியே வளர்ந்து இயங்குதளமாயிற்று. ஆங்கிலத்துக்கு ஓரெழுத்து ஓரறை என்பது இயல்பான ஒழுங்கு. சீன, யப்பானிய எழுத்துகளுக்கு ஈரறை என்பதும் தொல்லையின்றி அமைந்தது. தமிழ் போன்ற எழுத்துகளுக்கு ஒரு விதி வகுக்கவேண்டி வந்தபோது, மெய்யின்மேல் அமரும் குறிக்கு அறை வேண்டாம், பக்கத்தே நிற்கும் குறிக்கு ஓர் அறை வேண்டும் என்று வகுத்தனர். புள்ளி மேலே அமர்வது; ஆகவே ‘க்’ ஓரறை. கொம்பும் அரவும் பக்கத்தே நிற்பன. ஆகவே ‘கெ’யும் ‘கா’வும் ஈரறை. இதுவரை நியாயம் உண்டு. ஆனால் யுனிக்கோட்டின் பகுப்பில் இகரக்குறி பக்கத்தே நிற்பதாகவும் ஈகாரக்குறி மேலே அமர்வதாகவும் கொள்ளப்பட்டுள்ளன. விளைவு: ‘கி’க்கு ஈரறை, ‘கீ’க்கு ஓரறை. குறிலுக்கு ஒரு மாத்திரையும் நெடிலுக்கு இரண்டு மாத்திரையும் என்று பயின்ற கலைப்பீட மாணவன் தலைகீழான இந்த யாப்பைக் கண்டு நகைத்திருப்பின் அதிற் குற்றமில்லை.

அறைக்கணக்குத் தவறினாலும் எழுத்தைச் சேர்த்து வரைந்திருந்தால் ஆச்சியின் பெயர் தப்பியிருக்கும். எக்ஸ்டெர்ம் அதனையும் செய்வதில்லை. அது ஒவ்வோர் அறையையும் தனித்து வரைகிறது. யுனிக்கோட்டில் ‘செ’ என்பது ஒலிக்கும் முறையிற் சேமிக்கப்படுகிறது. முதலிற் சகரம், பின்னர் கொம்பு. திரைக்கு வரும்போது கொம்பை முன்னே நகர்த்தி வரைவது காட்டும் செயலியின் கடமை. அக்கடமையை அறியாத செயலி கொம்பைச் சகரத்தின் பின்னே நிறுத்துகிறது. பின்னே நின்ற கொம்பு அடுத்த எழுத்தைப் பற்றிக்கொள்வதுபோலத் தோன்றும். ‘மேகம்’ என்பதை வாசிப்போர் ‘மகேம்’ என்பர். நேரியகுளத்தின் இரட்டைக்கொம்பு நகரத்தை விட்டு ரகரத்தின் முன் சென்றுவிடும். ஊர் அறிந்தவர் ஊகித்துக்கொள்வர், அறியாதவர் வேறோர் ஊரென்றே எண்ணுவர்.

இவ்விடத்து ஒரு செய்தி குறிப்பிடற்பாலது. யாழ்ப்பாணத்திலிருந்து மலாயா சென்ற ஆர். முத்தையா இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் தமிழ்த் தட்டெழுத்துப் பொறியை வடிவமைத்தபோது இதே இடர்ப்பாட்டை எதிர்கொண்டார். தட்டெழுத்துப் பொறியும் ஓர் எழுத்துக்கு ஓர் இடம் நகர்வது. சில குறிகளை அழுத்தும்போது உருளை நகராதிருக்குமாறு நகரா விசைகளை அமைத்து அவர் அதனைத் தீர்த்தார். கொம்பையோ தட்டெழுதுவோர் கையெழுத்திற் போலவே முன்னதாக அடித்துக்கொண்டனர். அப்பொறியில் ஒற்றைக்கொம்பு ஒருபோதும் மெய்யின் பின்னே விழுந்ததில்லை. தட்டெழுத்துப் பொறியின் வழித்தோன்றலாகிய முனையம், தன் முன்னோர் இரும்பிற் செய்துகாட்டியதை ஒளியிற் செய்யத் தடுமாறுகிறது.

அவன் தன் கணினியோடு வந்திருந்த எக்ஸ்எஃப்சிஇ முனையத்தை அடுத்துத் திறந்தான். இது விரிஈ என்னும் நூலகத்தைக் கொண்டு இயங்குவது. க்னோம் டெர்மினல், மேற், டில்லிக்ஸ், டெர்மினேட்டர் ஆகியனவும் அந்நூலகத்தையே பயன்படுத்துவன. ஆதலின் இவற்றுள் ஒன்றை விட்டு மற்றொன்றை நாடுவோர் சாளரத்தின் சட்டத்தை மாற்றிக்கொள்கின்றனரேயன்றி எழுத்து வரையும் கையை மாற்றிக்கொள்வதில்லை. ஒப்பீடுகள் இவற்றைத் தனித்தனி வேட்பாளர்களாக நிறுத்துவது அவனுக்குப் பின்னர் வேடிக்கையாகத் தோன்றிற்று. நூலகத்தின் அண்மைய பதிப்புகள் பக்கத்தே நிற்கும் குறியை மெய்யோடு சேர்த்தே வரைகின்றன. ‘செ’ ‘செ’யாகவே தெரிந்தது. எனினும் அது அறைச்சட்டத்தை மீறுவதில்லை. ‘ண’, ‘ஞ’, ‘ஐ’ போன்ற பருத்த எழுத்துகள் ஆங்கில எழுத்துக்கு அளவான ஓரறைக்குள் அடங்காது அயலெழுத்தை முட்டிநின்றன; ஈரறை பெற்ற மெலிந்த எழுத்துகளின் அருகே வெற்றிடம் விழுந்தது. சொல் பல் விழுந்த வாய்போலக் காட்சி தந்தது. ஆனால் நிரல்கள் நேராக நின்றன. ஏக்கரின் கீழ் ஏக்கரும் புசலின் கீழ் புசலும் இருந்தன.

மூன்றாவதாகக் கொன்சோல். இது கேடிஇ திரைச்சூழலுக்குரியது. வேறு சூழலில் நிறுவும்போது தன் சுற்றத்தார் பலரையும் உடனழைத்து வரும். கைப்பேசியின் இணைய இணைப்பில் அவற்றை இறக்குவதற்கு அவன் தரவுப் பொதியொன்றை முழுமையாகச் செலவிட்டான். கொன்சோல் ஒரே தன்மைத்தான எழுத்துகளைத் தனித்தனி அறையாகவன்றித் தொடராக எடுத்து வரையவல்லது. அதன் அமைப்புகளிற் சொல்லைச் சொல்லாகவே வரையும் முறையொன்றும், பிராமி வழிவந்த எழுத்துகளுக்கென்றே தனியொரு விருப்பமும் உள்ளன. குகைக் கல்வெட்டுகளைப் பற்றிய விரிவுரையில் மட்டும் கேட்ட பிராமி என்ற சொல்லை முனையத்தின் அமைப்புப் பெட்டியிற் கண்டபோது அவனுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி சிறிதன்று. அதனை இயக்கியதும் சொற்கள் அச்சுப் புத்தகத்திற் போல ஒழுகி நின்றன. பெரியபுளியங்குளம் ஒரே மூச்சில் வாசிக்கக்கூடிய சொல்லாயிற்று. அதே வேளையில் நிரல்கள் சரிந்தன. சொல் தனக்கு ஒதுக்கிய அறைகளினும் குறுகியோ நீண்டோ அமைந்தமையின், பெயரை அடுத்து வந்த எண்கள் வரிக்கு வரி இடம் மாறின. அடுத்த எழுத்து விழுமிடத்தைக் காட்டும் நிலைகாட்டியும் சொல்லின் முடிவைவிட்டு விலகி நின்றது.

நான்காவது எம்எல்டெர்ம். பன்மொழி முனையம் என்றே பெயர் கொண்ட இது பரவலாக அறியப்படாதது, தோற்றத்திற் பழமையானது, அமைப்புகளைக் கோப்பொன்றில் எழுதிக் கொடுப்பதே வசதி. இந்திய எழுத்துகளுக்கு முறையான வடிவமைப்புச் செய்யவும், அறையகலத்தை எழுத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளவும் அதில் இடமுண்டு. அறை என்ற கோட்பாட்டையே தளர்த்திவிட்ட துணிவு வேறெதிலும் அவனுக்குத் தென்படவில்லை. வாசிப்பதற்கு அதனிலும் இனியது இல்லை. ஆயினும் முழுத்திரையையும் ஆளும் விஐ போன்ற தொகுப்பிகளைத் திறந்தபோது குழப்பம் தொடங்கிற்று. நாற்பதாவது நிரலில் எழுதுகிறேன் என்று தொகுப்பி எண்ணும். அந்நாற்பது திரையில் எவ்விடத்து விழுமென்று அதற்குத் தெரியாது.

குற்றம் முனையத்தை மட்டும் சார்ந்ததன்று என்பதை அவன் இவ்விடத்திலேயே உணர்ந்தான். எழுத்துக்கு எத்தனை அறை என்பதை உள்ளே இயங்கும் கட்டளை ஓர் அட்டவணையைக் கொண்டு கணிக்கிறது; முனையம் வேறோர் அட்டவணையைக் கொண்டு கணிக்கிறது. இடையில் டீமக்ஸ் போன்ற செயலியை நிறுத்தினால் மூன்றாவது அட்டவணையும் சேர்ந்துகொள்ளும். இவை ஒன்றுக்கொன்று முரண்படுமிடத்து அழித்த எழுத்து திரையில் எஞ்சிநிற்கும். எஞ்சிநின்ற எழுத்தை அழிக்க முயன்றால் வேறெழுத்து அழியும். நிரல்களை ஒழுங்குபடுத்த அவன் பயன்படுத்திய அச்சிடும் கட்டளையோ அறையையும் எண்ணாது எழுத்தையும் எண்ணாது பைட்டையே எண்ணிற்று. இருபது இடம் விட்டு எழுது என்றால் முப்பத்து மூன்று பைட்டுள்ள செட்டிகுளத்துக்கு இடமே விடாது அடுத்த நிரலை ஒட்டி எழுதும். கூட்டத்தன்று எண்கள் கோணிநின்றதற்கும் இதுவே காரணம். ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் வெவ்வேறு பொருளை எண்ணினர்.

விடுமுறை முடிந்து விடுதிக்குத் திரும்பியபின், புதிய கணினி வைத்திருந்த நண்பனிடத்தில் அவன் ஏனையவற்றையும் பார்த்தான். 2017ஆம் ஆண்டு அறிமுகமாகி, வரைகலைச் செயலியின் வலுவால் மிக விரைவாக இயங்குவதென்று புகழ்பெற்ற அலாக்ரிட்டி, கொம்பை எக்ஸ்டெர்மைப் போலவே மெய்யின் பின்னே நிறுத்திற்று. முப்பத்து மூன்று ஆண்டுகள் இடைவெளி கொண்ட இரு செயலிகள் ஒரே பிழையை விடுகின்றன. இளையது அதனை விரைவாக விடுகிறது. கிட்டி என்பது மும்பையிற் பிறந்த கோவித் கோயலின் ஆக்கம்; எழுத்தை வடிவமைத்தே வரைகிறது. 2025இல் அது கண்ணுக்கு ஓரெழுத்தாகத் தோன்றுவதை ஒரே கூறாகக் கொண்டு அறை பகுக்கும் ஒழுங்கொன்றையும் வகுத்துக்கொண்டது. ஃபூட் என்னும் இலேசான முனையமும் அவ்வழியிற் செல்வது. ஆயின் வேலேண்ட் சூழலில் மட்டுமே இயங்கும். ‘செ’ ஓரெழுத்து என்பதைப் பாலர் வகுப்புக்கு அடுத்தபடியாக இவை ஏற்றுக்கொண்டன எனலாம். செட்டிகுளத்திலிருந்த பழைய மடிக்கணினியிலோ கிட்டி திறக்கவே மறுத்தது. அதன் வரைகலை வன்பொருள் போதுமானதாக இல்லை. ஊருக்கு எடுத்துச் செல்ல முடியாத நன்மையை அவன் தன் ஒப்பீட்டிற் சேர்த்துக்கொள்ளவில்லை.

ஆகவே தெரிவு இரண்டுக்கிடையே நின்றது: நிரலைக் காத்து எழுத்தை நெருக்கும் விரிஈ, எழுத்தைக் காத்து நிரலைக் கைவிடும் கொன்சோல். கட்டளை எழுதுதல், நிரல்களைப் பார்த்தல் ஆகிய அன்றாட அலுவல்களுக்கு முன்னது வசதியானது. நினைவகத்தையும் குறைவாகவே கொள்கிறது. நண்பன் அதனையே வற்புறுத்தினான். எண் இடம் மாறினால் பிழையாகும். எழுத்து நெருங்கினால் அழகு மட்டுந்தானே கெடும் என்பது அவன் வாதம். அவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. புசல் தவறினால் ஒரு குடும்பத்துக்கு விதைநெல் தவறும். எனினும் கோணிய எண்ணைக் கண்டவர் கோணியதென்று அறிவர்; மீண்டும் பார்ப்பர். கூட்டத்தில் நிகழ்ந்த பிழையோ பிழையென்று தெரியாமலே நிகழ்ந்தது. அவன் கொன்சோலைத் தெரிந்துகொண்டான்.

நிரலுக்கு அவன் கண்ட பரிகாரம் மிக எளியது. பட்டியலின் ஒழுங்கை மாற்றினான்: முதலில் இலக்கம், பின்னர் ஏக்கர், பின்னர் புசல், அதன்பின் ஊர், எல்லாவற்றுக்கும் இறுதியிற் பெயர். எண்கள் ஓரெழுத்து ஓரறை என்னும் ஒழுங்குக்குக் கட்டுப்படுவன ஆதலின் இடப்புறத்தில் அசையாது நின்றன. வரியின் இறுதியில் நின்ற பெயர் எவ்வளவு நீண்டாலும் குறுகினாலும் பாதிக்கப்படுவது எதுவுமில்லை. பெரியப்பா புதிய பட்டியலைக் கண்டு முகஞ்சுளித்தார். அவருடைய கொப்பியிற் பெயர்தான் எப்போதும் முதலில் வரும்.

“ஆளை விட்டிட்டு நெல்லை முதல்ல எழுதியிருக்கிறாய், தம்பி.”

அவன் அறைகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான். அவர் சற்றுநேரம் கேட்டிருந்துவிட்டு, “சரி, வாசிக்கேக்க பேரை முதல்ல வாசி” என்றார்.

அடுத்த கூட்டத்தில் அவன் ஒவ்வொரு வரியையும் இறுதியிலிருந்து தொடக்கத்துக்கு வாசித்தான். ஒரே பெயருடைய இருவரும் தத்தம் முன்னெழுத்தோடு அழைக்கப்பட்டனர். செனாவுக்கு உரிய ஆச்சி தம் பெயர் கேட்டதும் எழுந்து, கையொப்பமிட வேண்டிய தாள் எங்கே என்று வினவினார். கொன்சோலில் அப்பெயரின் முடிவிலிருந்து இரண்டறை தள்ளி நிலைகாட்டி இமைத்துக்கொண்டிருந்தது. பின்னழிப்பு விசையை அழுத்துமுன் நிலைகாட்டியை நோக்காது எழுத்தை நோக்கிப் பழகியிருந்தமையால் அவன் அதனைத் திருத்த முயலவில்லை.